தாடிக்காரரின் அக்கா

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சுகம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, இருமல் விட்டதா என்று முதலில் எழுது.

நீ அனுப்பிய புத்தகம் வந்து சேர்ந்தது. எங்கள் பல் செட் லேபில் பிளாஸ்டர் நிறுக்கிற தராசில் வைத்துப் பார்த்தேன்: ஒரு கிலோ முந்நூறு. ஐந்நூறு வருஷத்துக்கு முந்தைய ஓவியர் ஒருவருக்கு இவ்வளவு எடை! ஓவியம், பறக்கும் இயந்திரம், பாலம், பீரங்கி, செத்தவர்களை அறுத்துப் பார்ப்பது என்று மனிதர் கை வைக்காத இடமே இல்லை போலிருக்கிறது. அட்டையில் நெஞ்சு வரை தாடி. அதனால் அவருக்குத் தாடிக்காரர் என்று பெயர் வைத்துவிட்டேன்.

அப்பாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை முற்றிவிட்டது. வெளிச்சம் தெரிகிறது, ஆள் தெரிவதில்லை. சர்க்கரை இறங்கினால் மே மாதம் ஆபரேஷன் என்று டாக்டர் சொல்கிறார். அதுவரைக்கும் அவருக்குக் கண் நான்தான். லேபிலிருந்து வந்து, விரலில் ஒட்டிய மெழுகைக் கழுவிவிட்டு, ஆறிலிருந்து ஏழு வரை உரக்க வாசிக்கிறேன்.

வாசிப்பது நான், பெயர் உனக்கு. தாடிக்காரர் சின்ன வயதில் பூச்சி, வௌவால் எல்லாம் பிடித்து வந்து பார்த்தாராம். "நம்ம சின்னவனும் இப்படித்தான்" என்கிறார் அப்பா. கூண்டுப் பறவைகளைக் காசு கொடுத்து வாங்கிப் பறக்க விடுவாராம். "சின்னவனுக்கும் இளகின மனசு." நீ ஓணானின் கழுத்தில் நூலைக் கட்டி இழுத்துக்கொண்டு திரிந்தது எனக்குத்தான் ஞாபகம் இருக்கிறது. ஆரம்பித்த வேலையை முடிக்கவே மாட்டாராம். அதற்கு மட்டும் உன் பெயர் வரவில்லை. அவர் இடது கைக்காரராம். அதற்கும் அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பக்கத்தைப் புரட்டியது என் இடது கை.

அந்தப் புகழ்பெற்ற புன்னகைக்காரியின் படமும் இருக்கிறது. வாயை மூடிக்கொண்டு சிரிக்கிறாள். பல் செட் செய்கிறவளுக்கு அவளால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா


ஜனவரி 30

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். இருமல் போய்விட்டது. அப்பாவை மிகவும் விசாரித்ததாகச் சொல்.

பாலத்தின் ஐந்தாவது தூணுக்கு கான்கிரீட் போட்டுக்கொண்டிருக்கிறோம். ஒரு தகர அறையில் நானும் சர்வேயரும். போன் மானேஜர் மேஜையில் ஒன்றே ஒன்று. பேசினால் மொத்த ஆபீஸும் காதைத் தீட்டிக்கொள்ளும். கடிதமே நல்லது.

உண்மையைச் சொல்கிறேன், அந்தப் புத்தகத்தை நான் வாசித்ததில்லை. கடையில் இருந்ததிலேயே தடியானது அதுதான். அப்பாவுக்குப் பொழுது போகட்டும் என்று வாங்கினேன். அவர் என்னை அந்த மகானோடு சேர்த்துப் பேசும்போது நீ தடுக்கக் கூடாதா? நேற்றுத்தான் தலைமை இன்ஜினியர் என் வரைபடத்தைத் தூக்கிப் பிடித்து "இதை யாருப்பா கிறுக்கினது?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார்.

இப்படிக்கு,
தம்பி


பிப்ரவரி 17

அன்புள்ள தம்பி,

இங்கே சுகம். அப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. கால் வீக்கமும் வடிந்தது.

ஒரு காரியம் செய்துவிட்டேன். உன்னிடம் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

தாடிக்காரர் பட்டறையில் வேலை கற்றுக்கொண்டிருந்தபோது, ஆசிரியர் தன்னுடைய படத்தின் ஓரத்தில் ஒரு தேவதையை மட்டும் இவரை வரையச் சொன்னாராம். அதைப் பார்த்த ஆசிரியர் இனிமேல் தூரிகையைத் தொடுவதில்லை என்று விட்டுவிட்டாராம். இப்படி ஒரு கதை உண்டு, நிஜமோ பொய்யோ என்று புத்தகமே சொல்கிறது. உடனே அப்பா ஆரம்பித்துவிட்டார்: "பத்து வயசுல சின்னவன் நம்ம தையல் மெஷினை உள்ள அறுத்துக் காட்டின மாதிரி வரைஞ்சானே, அதைப் பார்த்தப்ப எனக்கும் பென்சிலைக் கீழ வச்சிடலாம்னுதான் தோணுச்சு. நாப்பது வருஷம் டிராஃப்ட்ஸ்மேன் வேலை பார்த்தவன் சொல்றேன்!"

அந்தப் படத்தைப் பற்றி நான் எதுவும் எழுதப் போவதில்லை. உனக்கே ஞாபகம் இருக்கும்.

வயிறு எரிந்தது. அடுத்த வரியை வாசிக்க வாயைத் திறந்தேன், புத்தகத்தில் இல்லாத வரி வந்தது: "அந்தத் தேவதையின் உடைக்கு நீல நிறம் அரைத்துக் கொடுத்தவளும், மடிப்புகளை வரைந்தவளும் அவருடைய அக்காதான்."

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அக்காவா? அவருக்கு அக்கா உண்டா?"

"உண்டுப்பா. இப்பத்தான் வர்றா" என்றேன்.

அன்றிலிருந்து தினமும் அரைப் பக்கமாவது அவள் வருகிறாள். நிஜத்தில் தாடிக்காரருக்கு மாற்றாந்தாய் வழியில் தம்பி தங்கைகள் நிறைய. அக்கா மட்டும் கிடையாது. நான் கொடுத்திருக்கிறேன்.

திட்டுவதானால் திட்டு.
அக்கா


மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் அப்பாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உன் கடிதத்தை வாசித்துவிட்டுத் தனியாகச் சிரித்தேன். சர்வேயர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஆனால் ஒன்று யோசித்தாயா? ஆபரேஷன் முடிந்து கண் தெரிந்ததும் அப்பா முதல் வேலையாக அந்தப் புத்தகத்தைத்தான் எடுப்பார். அப்போது அக்காவுக்கு எங்கே போவாய்?

டவுனுக்குப் போனபோது எனக்கும் ஒரு பிரதி வாங்கிவந்தேன். நீ எந்தப் பக்கத்தில் விளையாடுகிறாய் என்று தெரிய வேண்டாமா?

இங்கே காற்று அதிகம். ஆறாவது தூண் தள்ளிப் போகிறது. அப்பாவின் செருப்பு அளவு எழுது, மெத்தென்று ஒரு ஜோடி அனுப்புகிறேன்.

தம்பி


மார்ச் 16

அன்புள்ள தம்பி,

சுகம். செருப்பு ஒன்பது.

தையல் மெஷினைப் பற்றி நீ ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. செருப்பைப் பற்றி எழுதினாய். சரி.

இங்கே கதை தலைகீழாகிவிட்டது. தாடிக்காரரின் அக்காவை அப்பாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஆறு அடிப்பதற்குள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு "இன்னிக்கு அந்தப் பொண்ணு வருவாளா?" என்கிறார். அவள் தம்பியின் குறிப்பேடுகளைத் தைத்துக் கொடுக்கிறாள். "இதையாவது முடிடா" என்று அதட்டுகிறாள். அவர் சுவரில் புது விதமாக வண்ணம் பூசி அது உரிந்து விழுந்தபோது, "நான் அப்பவே சொன்னேன்" என்று சொல்லாமல் ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். இதையெல்லாம் வாசித்தது என் வாய்தான், தம்பி. எனக்கு என்ன கிடைத்தது தெரியுமா?

நேற்று அவருடைய பல் செட் ஈறில் குத்துகிறது என்றார். அதைத் தேய்த்துச் சரிசெய்து கொடுத்தேன். ஒரு நாள் முழுக்க லேபில் இதே வேலைதான், வீட்டிலுமா என்று கொஞ்சம் முனகினேன். வேறொன்றுமில்லை. அப்பா சொல்கிறார்: "தாடிக்காரரோட அக்காவைப் பாரு. ஒரு நாளாவது முனகினாளா? பொண்ணுன்னா அப்படி இருக்கணும்."

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான். இத்தனை வருஷம் உன்மேல் பொறாமைப்பட்டேன். அதிலாவது ஒரு நியாயம் இருந்தது, நீ இரத்தமும் சதையுமாக இருக்கிறாய். இப்போது இல்லாத ஒருத்தியைப் பார்த்து வயிறு எரிகிறேன். அவளுக்கு முதுகு வலிப்பதில்லை. அவளுக்கு நரை இல்லை. அவள் வைத்த எதுவும் குத்துவதில்லை.

பதில் போடு.
அக்கா


ஏப்ரல் 4

தம்பி,

சுகமாக இருக்கிறாய் என்று எடுத்துக்கொள்கிறேன். உன் பதில் வரவில்லை. அப்பாவுக்குச் செருப்பு மட்டும் வந்தது, சரியாக இருக்கிறது.

அவளைக் கொன்றுவிட்டேன். 511ஆம் பக்கம். மூன்று நாள் காய்ச்சல், போய்விட்டாள். வேண்டுமென்றுதான் செய்தேன். அன்று காலையில்கூட அவள் புராணம்தான். "அவ இருந்திருந்தா டீயை ஆறவிட்டிருக்க மாட்டா" என்றார். அவள் இருந்திருந்தால் தானே!

அப்பா பல் செட்டைக் கழற்றிக் கிண்ணத்தில் போட்டுவிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். இவ்வளவு துக்கம் நான் செத்தால் இருக்குமா என்றுதான் முதலில் தோன்றியது. என் புத்தி அப்படி.

மறுநாள் "அந்தத் தேவதை வர்ற இடத்தை மறுபடி வாசி" என்றார். நான் எதைப் பார்த்து வாசிப்பேன்? நினைவிலிருந்து இழுத்துவிட்டேன். குறுக்கே கையை நீட்டினார். "அன்னிக்கு நீலம்னு வாசிச்சே. இன்னிக்குப் பச்சைங்கிறே."

"வெளிச்சம் சரியில்லப்பா" என்றேன். கண் தெரியாதவரிடம்.

ஒரு விஷயம். 304ஆம் பக்கத்தை மட்டும் நான் அப்பாவுக்கு வாசிக்கவில்லை. மூலையை மடக்கிவிட்டுத் தாண்டிப் போய்விட்டேன். இல்லாததைச் சேர்த்து வாசிக்க வாய் வந்தது, இருப்பதை வாசிக்க வரவில்லை. உன் பிரதியில் நீ பார். வாசித்தால் உனக்குப் புரியும்.

அக்கா


ஏப்ரல் 27

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். பதில் தாமதமானதற்கு மன்னித்துக்கொள். வேலை நெருக்கடி.

304ஆம் பக்கத்தை வாசித்தேன். நான்கு முறை.

எழுத உட்கார்ந்தால் வரவில்லை. டாக்டர் தேதி சொல்லிவிட்டாரா? கண்ணுக்குப் போட்டுக்கொள்ளக் கறுப்புக் கண்ணாடி இங்கே நல்லதாகக் கிடைக்கிறது, அனுப்பட்டுமா?

தம்பி


மே 10

தம்பிக்கு,

அப்பாவுக்கு 18ஆம் தேதி வலது கண், பத்து நாள் கழித்து இடது. கறுப்புக் கண்ணாடி ஆஸ்பத்திரியிலேயே கொடுப்பார்கள். நீ அனுப்ப வேண்டாம்.

நான்கு முறை வாசித்தாயாம். நான்கு வார்த்தை எழுத முடியவில்லையா?

நீ எழுத மாட்டாய், நானே எழுதுகிறேன். எனக்குப் பதின்மூன்று, உனக்குப் பத்து. அம்மாவின் தையல் மெஷின் மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு மூன்று நாள் உட்கார்ந்து வரைந்தேன். ஊசிக்கம்பி, கீழே நூல் சுற்றி வைக்கிற ஓடம், உள்ளே பல் சக்கரம், எல்லாவற்றுக்கும் நிழல் கோடு. முடித்துவிட்டு, அப்பாவின் மேஜையில் வைத்துவிட்டுத் தூங்கினேன். காலையில் அவர் அதை எடுத்துக்கொண்டு ஆபீஸுக்குப் போய்விட்டார். சாயங்காலம் கை நிறைய இனிப்போடு வந்தார். "என் பையன் வரைஞ்சதுன்னு சொன்னா ஒருத்தனும் நம்பலை!" நீ என்னைப் பார்த்தாய். நான் உன்னைப் பார்த்தேன். நீ இனிப்பைச் சாப்பிட்டாய்.

அந்தப் படம் அவர் ஆபீஸ் சுவரில் பதினைந்து வருஷம் உன் பெயரோடு தொங்கியது. அந்தப் படத்தைப் பார்த்துத்தான் உன்னை இன்ஜினியரிங் படிக்க வைத்தார். என்னைப் பல் செய்யப் பழகச் சொன்னார். "உனக்குக் கை நிதானம்" என்றார். அந்த நிதானம் எங்கிருந்து வந்தது என்று அவர் கேட்கவில்லை.

அன்றே நான் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று நீ கேட்கலாம். அப்பா அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததே இல்லை. நீ சொல்வாய் என்று காத்திருந்தேன். முப்பது வருஷம் ஆகிறது.

இப்போது பயமாக இருக்கிறது. கண் திறந்ததும் அவர் முதலில் தெரிந்துகொள்ளப் போவது தன் பெண் ஒரு புளுகுணி என்பதுதான். வேறு எதுவும் அவருக்குத் தெரியப் போவதில்லை.

அக்கா


ஜூன் 12

சின்னவனுக்கு,

அப்பா தன் கைப்பட எழுதும் கடிதம். இரண்டு கண்ணும் தெளிவாகத் தெரிகிறது. சுவரில் இருக்கிற விரிசலெல்லாம் தெரிவதுதான் தொல்லை. உன் உடம்பு எப்படி இருக்கிறது?

புத்தகத்தை எடுத்தேன். பின்னால் இருக்கிற பெயர் அட்டவணையிலிருந்து ஆரம்பித்தேன். அக்கா இல்லை. பக்கம் பக்கமாகப் பார்த்தேன். இல்லை. நீலம் பச்சையானபோதே எனக்குச் சந்தேகம். உன் அக்காவிடம் ஒன்றும் கேட்கவில்லை. பத்து நாளாக அவள் என் முகத்தைப் பார்க்காமல் டீயை வைத்துவிட்டுப் போகிறாள்.

ஒரே ஒரு பக்கம் மூலை மடங்கி இருந்தது. 304. அதில் இருப்பது எனக்கு யாரும் வாசித்துக் காட்டாதது. தாடிக்காரரின் படம் எது, மற்றவர் வரைந்தது எது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறது. இடது கைக்காரர் நிழல் கோடு போட்டால், அது மேலே இடது பக்கத்தில் ஆரம்பித்துக் கீழே வலது பக்கமாக இறங்கும். வலது கைக்காரருக்கு நேர் எதிர். பார்த்துப் பழகியவன் கண்ணுக்கு அது கையெழுத்து மாதிரி.

பெட்டியைத் திறந்து, தையல் மெஷின் படத்தை எடுத்து ஜன்னலோரம் விரித்தேன். எல்லாக் கோடும் இடமிருந்து வலமாக இறங்குகிறது. நீ வலது கைக்காரன்.

நான் டிராஃப்ட்ஸ்மேன். ஆயிரம் பேர் கோட்டைப் பார்த்திருக்கிறேன். இது தெரிய எனக்குப் புத்தகம் வேண்டியதில்லை. அன்றைக்கு எனக்குப் பையன் வேண்டியிருந்தது, அதனால் கோட்டைப் பார்க்கவில்லை. புரை அப்போதே விழுந்துவிட்டது.

படத்தின் கீழே ஆபீஸ் வழக்கப்படி கட்டம் போட்டு, "வரைந்தவர்" என்று உன் பெயரை நான்தான் எழுதினேன். பக்கத்தில் "சரிபார்த்தவர்" என்கிற கட்டம் காலி. கேட்காமல் எதையும் திருத்துவது என் வழக்கம் இல்லை. யார் வரைந்தது? ஒரு வரி எழுது.

அப்பா


ஜூன் 24

அன்புள்ள அக்காவுக்கு,

இருவரும் நலமாக இருக்க வேண்டும். அப்பா எனக்கு எழுதிய கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன், வாசித்துக்கொள். அவருக்கு ஒரு வரி தனியாக அனுப்பிவிட்டேன்: "அக்கா வரைந்தது. எனக்கு அன்றே தெரியும்."

பத்து வயதில் பயத்தில் சொல்லவில்லை. அப்புறம் ஏன் சொல்லவில்லை என்றால், பொறாமை. நீ சிரிப்பாய். காலேஜில் நான் எதை வரைந்து கொண்டுவந்தாலும் அப்பா ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு. ஆனா பத்து வயசுல இதைவிட நல்லா வரைஞ்சியே" என்பார். ஒவ்வொரு தடவையும் அதே பேச்சுத்தான். என் கை ஒரு நாளும் உன் பதின்மூன்று வயதுக் கையை எட்டவில்லை. உன் படத்தோடு நான் முப்பது வருஷம் போட்டி போட்டுத் தோற்றிருக்கிறேன், அதுவும் என் பெயரிடமே. அது உன்னுடையது என்று சொல்லியிருந்தால் எனக்குச் சொல்லிக்கொள்ள என்ன மிச்சம் இருந்திருக்கும்?

நீ அந்த அக்காவைக் கொன்றாய். நான் இருக்கிற அக்காவை உயிரோடு மறைத்து வைத்தேன். எது பெரிய பாவம் என்று நீயே சொல்.

தம்பி


ஜூலை 7

அன்புள்ள தம்பி,

சுகம். நீ?

உன் கடிதத்தை லேபில் வைத்து வாசித்தேன். பாதியில் ஒரு முன்பல்லை மெழுகில் தலைகீழாக வைத்துவிட்டேன். பொறாமைப்பட்டது நான் மட்டும் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அதிலும் பங்குக்கு வந்துவிட்டாய். கோபம் முழுக்கப் போகவில்லை, போய்விட்டது என்று பொய் எழுத மாட்டேன். ஆனால் உன் படங்களில் நாலைந்தை அனுப்பு. கிறுக்கல் என்று சொன்னவன் கண்ணில் என்ன கோளாறு என்று நான் பார்க்கிறேன்.

வீட்டுக்கு வந்தால் கூடத்தில் தையல் மெஷின் மூடி கழன்று கிடக்கிறது. அப்பா தரையில் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் என் படம். கீழ்க் கட்டத்தில் உன் பெயரை ஒரே கோடாக அடித்து, மேலே என் பெயரை அவருடைய அச்சு எழுத்தில் எழுதியிருந்தார். "சரிபார்த்தவர்" கட்டம் மட்டும் இன்னும் காலியாகவே இருந்தது.

நான் நின்றேன். அவர் மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தேனோ என்னவோ. "அந்தப் பொண்ணை ஏன் கொன்னே?" என்று கேட்டார்.

"உங்களுக்கு என்னைவிட அவளைப் பிடிச்சிருந்துச்சு."

"அவளை எனக்கு யாரு வாசிச்சுக் காட்டினது?" என்றார். பிறகு, "511லேர்ந்து மறுபடி வாசி. காய்ச்சல் விட்டுப் போகட்டும்" என்றார். "கண்ணுதான் தெரியுதே, நீங்களே வாசிங்க" என்றேன். "என் கண்ணு வாசிக்கிற புஸ்தகத்துல அவ இல்லையே" என்றார்.

அப்புறம் படத்தை என் பக்கம் தள்ளினார். பல் சக்கரத்தைச் சுற்றிச் சிவப்புப் பென்சிலால் ஒரு வட்டம். மெஷினைத் திறந்து விரலால் தடவித் தடவி மூன்று தரம் எண்ணியிருக்கிறார். "பதினாறு இருக்கணும். நீ பதினஞ்சு போட்டிருக்கே. பல்லுக்காரி, ஒரு பல் குறையுது."

பையன் வரைந்த படம் என்று இருந்தவரை ஊருக்கெல்லாம் காட்டினார், ஒரு நாளும் எண்ணிப் பார்க்கவில்லை. முப்பது வருஷத்தில் என் வேலையை அப்பா சரிபார்த்தது இதுதான் முதல் தடவை. எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. பதின்மூன்று வயசுப் பிள்ளை வரைந்ததில் ஒரு பல்லுக்கு இவ்வளவா என்று கத்தினேன். அவர் பென்சிலைச் சீவி, என் இடது கைப் பக்கம் வைத்தார்.

பதினாறாவது பல்லை வரைந்தேன். மறுபடியும் எண்ணினார். அப்புறம்தான் அந்தக் காலிக் கட்டத்தில் கையெழுத்துப் போட்டார்.

அக்கா